விளக்கை இறக்காதே!

"விளக்கை எறக்காதே...! டேய் கிருஷ்ணப்பா... எறக்காதேடா...!"

கொருக்குப்பேட்டை வண்டிப்பட்டறைச் சந்தின் முனையிலிருந்து வந்தது அந்த அலறல்.

கெரசின் வண்டிக்கார அத்தாவுல்லா, தலையிலிருந்த தொப்பி கழன்று விழுவது தெரியாமல் ஓடி வந்துகொண்டிருந்தார்.

கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிருஷ்ணப்பன் திரும்பவில்லை.

அவன் தூர் வாருகிறவன். எந்தக் கிணற்றில் இறங்கினாலும் முதலில் கயிற்றில், திரி வெளியே எரிகிற ஒரு காடா விளக்கைக் கட்டி உள்ளே விடுவான். விளக்கு அணைந்தால் அடியில் விஷக்காற்று, இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். அவன் அப்பன் அப்படித்தான் செய்தான். அப்பனுக்கு அப்பனும் அப்படித்தான். அவர்களையெல்லாம் கிழவர்களாகும்வரை உயிரோடு வைத்திருந்த வழக்கம்.

விளக்கு இறங்கியது.

அணையவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து 'உஸ்ஸ்...' என்று ஒரு பெருமூச்சு.

அடுத்த கணம்...

டமார்!

கிணற்றின் வாயிலிருந்து நெருப்பு ஒரு தென்னை உயரம் எழுந்தது! கூரையில் குந்தியிருந்த காக்கைகள் அலறிப் பறந்தன. குடங்கள் உருண்டன.

நெருப்பு அடங்கியபோது கிருஷ்ணப்பன் துணி துவைக்கிற கல்லின்மேல் மல்லாந்து கிடந்தான். கயிறு மட்டும் கையில் இருந்தது.

"யோவ்... எந்திரிய்யா..." என்றாள் அவன் மனைவி பூவம்மா.

எழுந்திருக்க மாட்டான் என்பது, சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை, போலீஸ் ஸ்டேஷன்.

"வாங்க, வாங்க! தண்ணியை மோந்து பார்த்தே சம்பளம் வாங்கற கார்ப்பரேஷன் ஆளு நீங்கதானா?"

இன்ஸ்பெக்டர் லியோனார்ட் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார். ராயபுரத்துக்காரர். வாயைத் திறந்தால் புகை வரும், இல்லையென்றால் கிண்டல் வரும்.

"ஞானம், சார். தண்ணீர் பரிசோதனை உதவியாளர்" என்றான் வந்தவன். கையில் ஒரு மரப்பெட்டி நிறைய பாட்டில்கள்.

இருபத்து நாலு வயது. பகலில் பரிசோதனைக் கூடம். மாலையில் ஜார்ஜ் டவுனில் கெமிஸ்ட்ரி வகுப்பு. எதையும் மூன்று தடவை சோதிப்பான். மூன்று தடவையும் ஒரே விடை வந்தால், மூன்று தடவையும் ஒரே தப்பைச் செய்துவிட்டோமோ என்று பயப்படுவான்.

"முதல்ல டீ குடிங்க. நம்ம ஸ்டேஷன் கிணத்துத் தண்ணி. சந்துக்குக் கிழக்கே இது ஒண்ணுதான் தேன் மாதிரி கீது."

"சார்... ஒரு விஷயம்." ஞானம் டீயைத் தொடவில்லை. "அந்தச் சந்துலேர்ந்து வாடை அடிக்குதுன்னு மனு வந்தப்போ, பார்க்கப் போனது நான்தான். தூர் வாருங்கன்னு சொன்னதும் நான்தான்."

லியோனார்ட் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்போ உங்களையும் உள்ளே போடலாம்கறீங்க?"

"சார்...!"

"பயப்படாதீங்க. இடம் இல்லை. ஏற்கெனவே ஒரு பிக்பாக்கெட்டும் இந்தக் கேஸ்ல ஒரு ஆளும் இருக்காங்க."

லாக்-அப் கம்பிகளுக்குப் பின்னால் அத்தாவுல்லா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தாடி கருகியிருந்தது. நெருப்பு எழுந்ததும் எல்லோரும் ஓடினார்கள். அவர் மட்டும் கிருஷ்ணப்பனைத் தூக்க நெருப்புக்குள் பாய்ந்தார்.

"மூணு பாயிண்ட்" என்றார் லியோனார்ட். "கிணத்துல கெரசின் வாடை. சந்துல கெரசின் விக்கிறவன் இந்த ஆள் ஒருத்தன்தான். கிணத்தைத் தொடாதேன்னு கிருஷ்ணப்பனோட ரெண்டு தரம் சண்டை வேற. அதெல்லாம் கூட போகட்டும். விளக்கு எறங்கறதுக்கு முன்னாடியே 'எறக்காதே'ன்னு கத்தினான். எப்படித் தெரியும்? ஊத்தினவனுக்குத்தானே தெரியும்!"

"பாய் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலை. வாயைத் தைச்சுக்கிட்டாரு. திங்கட்கிழமை கோர்ட். செக்‌ஷன் முன்னூத்தி ரெண்டு. அப்புறம்..." கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார்.

"இன்னா சார் வட்டம் போடற? எங்க வாப்பா கழுத்துன்னா அவ்ளோ இளப்பமா?"

வாசலில் ஒரு பெண். அத்தாவுல்லாவின் மகள் தாஹிரா. தகப்பன் உள்ளே போனதும் கெரசின் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வண்டி சாயாமல் ஒரு இரும்புத் தடியால் முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். தலையில் கைப்பிடி வைத்த நீளமான தடி அது.

"எறும்பு மிதிபடுமேன்னு ஒதுங்கிப் போற ஆளு சார் அவரு! கிணத்துல ஊத்தறதுக்கு இன்னா, எங்க வூட்ல கெரசின் ஊத்தா பீச்சிக்கினு வருது? வெளக்கேத்த எங்களுக்கே இல்ல!"

"ஏட்டு, இந்தப் பொண்ணை வெளியே..."

"இருங்க சார்!" என்றான் ஞானம். தன் குரலா அது என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. "அம்மா, உங்க வண்டியிலிருந்து ஒரு சொட்டு கெரசின் கொடுங்க. ரெண்டு சாஸர் வேணும் சார்."

முதல் சாஸரில் தாஹிராவின் கெரசின். இரண்டாவதில், அவன் பாட்டிலில் எடுத்து வந்திருந்த, கிணற்றுத் தண்ணீரின்மேல் மிதந்த எண்ணெய்.

ஞானம் தீக்குச்சியைக் கிழித்து முதல் சாஸருக்கு மேலே பிடித்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

இன்னும் தாழ்த்தினான். குச்சிதான் அணைந்தது.

"நீயும் உன் கெமிஸ்ட்ரியும்..." லியோனார்ட் மேஜைமேல் குனிந்தார்.

ஞானம் இன்னொரு குச்சியை இரண்டாவது சாஸரை நோக்கிக் கொண்டு போனான். குச்சி ஒரு ஜாண் தள்ளி இருக்கும்போதே...

பக்!

"ஐயோ... என் மீசை!"

லாக்-அப்பிலிருந்த பிக்பாக்கெட் வாய்விட்டுச் சிரித்தான். ஏட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இது கெரசின் இல்லை சார்!" ஞானம் மூச்சு வாங்கினான். "கெரசின் திரி இல்லாம சட்டுனு பத்தாது. மேலே விளக்கு போனா அதுக்கு உறைக்கவே உறைக்காது. இது பெட்ரோல். இதோட ஆவியே போதும்! சந்துல எல்லாரும் கெரசின் வாடைன்னாங்க, நானும் அப்படியே நம்பிட்டேன். பெட்ரோல் விக்கிற விலைக்கு அதை எவன் சார் கிணத்துல ஊத்துவான்?"

லியோனார்ட் பாதி மீசையைத் தடவிக்கொண்டே, கம்பிகளுக்குப் பின்னாலிருந்த அத்தாவுல்லாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"அப்போ எங்கேர்ந்து வந்துது?"

"இன்னா சார் கேள்வி இது?" என்றாள் தாஹிரா. "சந்துக்குப் பின்னால ரயில் ரோட்டு ஓரமா கம்பெனி கொழா போவுதே, கண்ணு தெர்லயா?"

துறைமுகத்திலிருந்து ஹார்மன் ஆயில் கம்பெனியின் டாங்குகளுக்குப் போகிற பழைய பைப் லைன்!

"ஏட்டு, பாயைத் திறந்து விடு" என்றார் லியோனார்ட்.

தாஹிரா அழுதுகொண்டே சிரித்தாள். ஏட்டும் சிரித்தார்.

அத்தாவுல்லா மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ரயில் பாதையோரம் சந்தே திரண்டு நின்றது.

ஞானம் காலையிலிருந்து பைப்பின் நெடுக இரும்புத் துளைக்கோலை முறுக்கி இறக்கி, மண்ணை எடுத்து எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு எரிந்தது.

கம்பெனியின் டிப்போ சூப்பரின்டென்டென்ட் சுப்பராயன் குடைக்குக் கீழே நின்றார். வெள்ளை உடுப்பு, மண் படாத ஷூ.

"மிஸ்டர் ஞானம், நீங்க கேட்டபடி லைன்ல தண்ணியை ஏத்தி அழுத்தம் கொடுத்திருக்கோம். பைப்புல ஊசி முனை ஓட்டை இருந்தாலும் முள்ளு இறங்கும். வந்து பாருங்க, இறங்கியிருக்கா?"

ஞானம் மீட்டரைப் பார்த்தான்.

முள் அசையவில்லை.

மறுபடி பார்த்தான். மூன்றாவது தடவையும் பார்த்தான்.

"எங்க பைப்புல ஒரு சொட்டு ஒழுகலை" சுப்பராயன் புன்னகைத்தார். "வேணும்னா காகிதத்துல எழுதியே தரேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "இன்னாபா இது... மறுபடி பாயி தலையில வைப்பாங்க போல கீதே..."

ஞானம் மீட்டரை விட்டு விலகினான். எங்கே தப்பு? முதலிலிருந்தே எல்லாம் தப்பா? துளைக்கோலை எடுத்துக்கொண்டு, இடிந்து கிடந்த ஒரு செங்கல் குழியருகே போய் இறக்கினான். பைப்பைக் காலி செய்யத் திறந்துவிடுகிற கழிவுக் குழாயும் அதன் வால்வும் இருக்கிற குழி.

மண் கறுப்பாக வந்தது. நெடி முகத்தில் அறைந்தது!

பக்கத்தில் இன்னொரு துளை போட்டான். பிறகு இன்னொன்று.

"சார்!" அவன் கத்தினான். "பைப் ஒழுகலை! ஒழுகியிருந்தா பைப் இருக்கற ஆழத்துக்குக் கீழேதான் மண்ணு நனைஞ்சிருக்கும். இங்க மேல் மண்ணுலேர்ந்து கீழே வரைக்கும் கறுப்பு. இது ஒழுகினது இல்லை... யாரோ திறந்து ஊத்தினது! பழைய சமாச்சாரம். கிணறு இருக்கற தூரத்தைப் பார்த்தா பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். மண்ணுக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து இப்போதான் கிணத்துக்கு வந்திருக்கு!"

சுப்பராயனின் புன்னகை ஒரு விநாடி நின்றது. பிறகு முன்னைவிட அகலமாகத் திரும்பி வந்தது.

"நாற்பத்திரண்டு! ஜப்பான்காரன் வரான்னு ஊரே காலியானப்போ லைன் தானா காலியாயிருந்ததுன்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு உண்டு. கம்பெனி அப்படி உத்தரவே போடலை! எவனோ ஒரு வேலைக்காரன் செஞ்ச நாசவேலை. பாருங்க, அந்த வால்வோட தலை சதுரம். லைன்மேன் கையில இருக்கற சாவி இல்லாம அசையாது. நீளமா, தலையில கைப்பிடி வெச்ச இரும்புச் சாவி. அந்தச் சாவி எவன்கிட்ட இருந்துதோ அவன்தான் உங்க கொலைகாரன். ஆளைக் காட்டுங்க, இன்ஸ்பெக்டர். தூக்குல போடற வரைக்கும் கம்பெனி உங்களுக்குத் துணை நிக்கும்!"

நீளமா... தலையில கைப்பிடி வெச்ச...

ஞானம் மெதுவாகத் திரும்பினான்.

கூட்டத்தின் ஓரத்தில் கெரசின் வண்டி நின்றது. அது சாயாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த இரும்புத் தடி.

பக்கத்தில் அத்தாவுல்லா. அவர் ஞானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார் லியோனார்ட்.

"ஒண்ணுமில்லை சார்... வெயில்."

கூட்டம் கலைந்தபிறகு, வண்டியருகே ஞானமும் அத்தாவுல்லாவும் மட்டும் நின்றார்கள்.

"பாய்... கெரசின் விக்கிறவர் நீங்க. கெரசின் விளக்குக்குப் பயப்படாதுன்னு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். ஊரெல்லாம் கெரசின்னு சொல்லிட்டிருந்தப்போ, 'விளக்கை எறக்காதே'ன்னு நீங்க மட்டும் ஏன் ஓடி வந்தீங்க? கெரசின் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தாவுல்லா வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான் சார் தொறந்து வுட்டேன்."

"பாய்...!"

"அப்போ நான் கம்பெனில லைன்மேன். பட்டணமே மூட்டை கட்டிக்கினு ஓடிச்சு. எங்க தொரை கார்ல ஏறிக்கினே சொன்னாரு, 'லைன் பூரா பெட்ரோலு கீது. ஒரு குண்டு வுழுந்தா கொருக்குப்பேட்டையே சுடுகாடு. தொறந்து மண்ணுல வுட்டுடு'ன்னு. அவ்ளோதான். கார் போயிடுச்சு. நான் ஒண்டியா நின்னு வுட்டேன். மண்ணு கடகடன்னு குடிச்சுது சார். நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? இந்தச் சந்தையே நான் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன்!"

"அந்தத் துரை?"

"சீமைக்குப் போயி மவுத்தாயிட்டாரு. அப்பால என்னியும் வேலையிலேர்ந்து அனுப்பிட்டாங்க. சாவியை யாரும் கேக்கல. வண்டிக்கு முட்டா ஆயிடுச்சு."

"கிணத்துல வாடை வந்தப்போ ஏன் சொல்லலை?"

"மூக்குல பட்டதுமே தெரிஞ்சுபோச்சு சார். தண்ணி குடிக்காதீங்கன்னேன். கிணத்தாண்ட பீடி புடிக்காதீங்கன்னேன். 'பாயி வண்டியில தண்ணி விக்கப் பாக்கறான்'னு சிரிச்சாங்க. ஏன்னு கேட்டா நான் இன்னாத்த சொல்றது? கிருஷ்ணப்பனாண்ட மட்டும் சண்ட போட்டுப் பாத்தேன். அவன் கேக்கல. நான் பேஜாரு பண்ணுவேன்னு, வெள்ளிக்கிழமையாப் பாத்து, நான் தொழுகைக்குப் போற நேரமாப் பாத்து ஆரம்பிச்சுட்டாங்க... பள்ளிவாசல்லேர்ந்து வந்துகினே இருந்தேன். கயிறு எறங்கறது தெரிஞ்சுது..."



துரை சொன்னது சந்து எரியாமல் இருக்க. பாய் திறந்தது ஊரைக் காப்பாற்ற. ஞானம் தூர் வாரச் சொன்னது நல்ல தண்ணீர் வர. கிருஷ்ணப்பன் விளக்கு இறக்கியது உயிர் பிழைக்க.

எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள். கிருஷ்ணப்பன் செத்தான்.

"நான் வந்து சொல்லிடறேன் சார்" என்றார் அத்தாவுல்லா. "பூவம்மா மூஞ்சைப் பாக்க முடியல."

"சொல்லித் தொலைக்காதே!"

வண்டிக்குப் பின்னாலிருந்து சுருட்டுப் புகை வந்தது. அதற்குப் பின்னால் லியோனார்ட்.

ஞானம் சட்டென்று திரும்பினான். "சார்... நீங்க..."

"என் மீசையைக் கொளுத்தினியே, அப்பவே எனக்கு உதிச்சுது. கெரசின்காரன் கெரசினுக்குப் பயப்பட மாட்டான். நீ காலேஜ் பையன், உனக்கு ஒரு நாள் அதிகமா ஆச்சு."

"தெரிஞ்சே ஏன் சார் விட்டீங்க?"

"நான் புடிச்ச ஆளு சரி, கேஸ்தான் தப்பு. இப்போ சரியான கேஸை எழுதினா என்ன ஆகும்? துரை வாயால சொன்னாரு, வாயோட போயிட்டாரு. கம்பெனி கையைக் கழுவிடும். பாய் தொங்குவான். எழுதலைன்னா? அப்பவும் கம்பெனி கையைக் கழுவிடும். பாய் தொங்க மாட்டான். எந்தக் கணக்குப் போட்டாலும் கம்பெனி பாஸு!"

"அப்போ நியாயம்...?"

"அது நாற்பத்திரண்டுலயே ஊரைக் காலி பண்ணிக்கிட்டுப் போயிடுச்சுய்யா."

ஞானம் அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்தான். "இதைத் தோண்டி எடுத்துட முடியாது சார். கொருக்குப்பேட்டையையே தோண்டணும். தோண்டற நேரத்துல அது இங்க இருக்காது. மண்ணுக்கடியில தண்ணி போற பக்கம் போயிட்டே இருக்கும்."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கே. கடலைப் பார்த்து."

"போகட்டும். கடல்ல போய் விழுந்து சாகட்டும்" என்றார் லியோனார்ட்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை. கார்ப்பரேஷன் லாரி வந்து கிணற்றில் மணலைக் கொட்டியது. முதல் கூடை விழுவதற்கு முன்னால், கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்த ஞானத்தின் கையிலிருந்து கனமான எதுவோ உள்ளே விழுந்தது.

"சார், எங்க வண்டிக்கு முட்டு குடுக்கற தடியப் பாத்தியா?" தாஹிரா தேடிக்கொண்டு வந்தாள். "வண்டி நிக்க மாட்டேங்குது!"

"கல்லு வெச்சுக்கம்மா."

அவள் அவனைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். தூரத்தில் தலை கவிழ்ந்து நின்ற தகப்பனைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் ஒரு கல்லைத் தேடிப் போனாள்.

பூவம்மா மட்டும் கேட்டாள்.

"கேஸ் இல்லேன்னுட்டாங்களே சார். அப்போ எம்புருசன கொன்னது யாரு?"

ஞானம் குனிந்து, சிந்திக் கிடந்த மணலை அள்ளிக் கிணற்றில் போட்டான்.

அன்றிலிருந்து சந்தே போலீஸ் ஸ்டேஷன் கிணற்றில் தண்ணீர் இறைத்தது. லியோனார்ட்தான் அனுமதி கொடுத்தார். வரிசையில் சண்டை வந்தால் ஏட்டே பஞ்சாயத்துப் பண்ணினார்.

அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு காலை. வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த ஞானம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தான்.

"வாய்யா கெமிஸ்ட்ரி! மீசை வளர்ந்துடுச்சு பார். டீ குடி."

ஞானம் டம்ளரை உதட்டருகே கொண்டு போனான்.

நிறுத்தினான்.

மோந்து பார்த்தான். மறுபடியும் மோந்து பார்த்தான். மூன்றாவது தடவை பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"என்னய்யா?" லியோனார்ட் சுருட்டை வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார்.

அந்த நேரத்தில் பூவம்மா உள்ளே வந்தாள். இடுப்பிலிருந்த குடத்தை மேஜைமேல் வைத்தாள். தண்ணீரின்மேல் ஏழு நிறத்தில் ஒரு படலம் மெல்ல மெல்லச் சுழன்றது.

"மோந்து பாருங்க சார். இங்கயும் அதே நாத்தம்."



கையில் எரிகிற குச்சி குடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது லியோனார்டுக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, 'ஃபூ' என்று அணைத்தார். பற்றவைக்காத சுருட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பூவம்மா... கொன்னது யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே" என்றார். "இதோ, பன்னெண்டு வருஷம் நடந்து, தானே ஸ்டேஷனுக்கு வந்து சரண்டர் ஆயிட்டான்... என்ன, விலங்கு மாட்டத்தான் கை இல்லை!"